நாளை மாற்றினர், பருவத்தை மாற்ற இயன்றதா?

ஒரு மக்களினம் எந்நாளில் புத்தரிசி உண்ண வேண்டும், எந்நாளில் முன்னோர்க்கு விளக்கேற்ற வேண்டும் என்பதை அரண்மனையில் அமர்ந்த சிலர் ஆணையிட்டு மாற்றிவிட முடியுமா? முடியும் என்று எண்ணிய அரசொன்று கீழைக்கடல் நாட்டில் இருந்தது. அதன் ஆணை பலித்த இடங்களும் பலிக்காத இடங்களும் சப்பானியரின் ஆண்டு வட்டத்தில் இன்றும் தழும்பாகத் தெரிகின்றன. தமக்கெனத் தனித் திங்கட்பெயரும் தமக்கெனத் தனியாண்டுப் பிறப்பும் வேண்டி நிற்கும் தமிழர் அத்தழும்புகளை உற்றுநோக்குவது நன்று.

1872ஆம் ஆண்டின் இறுதியில், மெய்சிப் பேரரசர் பெயரால் ஆண்ட புதிய அரசு, நிலவின் வளர்தேய்வைக் கொண்டு கணித்துவந்த பழைய நாட்காட்டியை ஒழித்து ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்பதாக அறிவித்தது. அறிவிப்புக்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில் இருந்தவை 23 நாள்களே. பழைய கணக்கில் 12ஆம் திங்கள் 3ஆம் நாளாக இருந்திருக்க வேண்டிய நாள், 1873 சனவரி 1 ஆயிற்று. ஆண்டின் கடைத்திங்கள் இரண்டே நாளில் முடிந்துபோயிற்று. அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டிகளை அச்சிட்டுக் குவித்து வைத்திருந்த வணிகர் பேரிழப்புக்கு ஆளாயினர். ஆண்டுக் கடைசியில் கடனை அடைப்பதும், ஒட்டரிசியை அவித்து இடிப்பதும், வாயிலில் ஊசியிலைக் கொம்பும் மூங்கிலும் நடுவதும் வழிவழி வந்த வழக்கம். அதற்கெல்லாம் இன்னும் ஒரு திங்கள் இருக்கிறது என்றிருந்த குடும்பங்களின் தலையில் புத்தாண்டு வந்து விழுந்தது.

மேலை நாடுகளோடு ஒத்து நடப்பதற்கே இம்மாற்றம் என்பது வெளியில் சொல்லப்பட்ட கரணியம். உள்ளே வேறொன்றும் இருந்தது. பழைய கணக்கின்படி 1873ஆம் ஆண்டு மிகைத்திங்கள் ஒன்று சேர்ந்த, 13 திங்களுடைய ஆண்டு. அரசோ தன் அலுவலர்க்கு அண்மையில்தான் திங்கட் சம்பளம் தரத் தொடங்கியிருந்தது. நாட்காட்டியை மாற்றினால் 13ஆம் சம்பளம் இல்லை. இரண்டே நாளில் முடிந்த 12ஆம் திங்களுக்கும் சம்பளம் இல்லை. கருவூலம் வறண்டு கிடந்த வேளையில் இரண்டு திங்கட் சம்பளம் மிஞ்சிற்று! அவ்வரசில் பெரும்பொறுப்பு வகித்த ஓக்குமா சிகெனொபுவே பிற்காலத்தில் இதனை மறையாது எழுதினார். கல்வியாளர் புக்குசாவா யுக்கிச்சி மாற்றத்தை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதி, ஐயுறுவோரைக் கல்லாதவர் என்று இகழ்ந்தார். ஆனால், ஐயுற்றவர் கல்லாதவரே ஆயினும், பருவத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பழைய நாட்காட்டியும் சப்பானியர் தாமே ஆக்கியதன்று என்பதை இவ்விடத்தில் மறைத்தல் ஆகாது. அது சீனத்திலிருந்து வந்தது. 862ஆம் ஆண்டில் ஏற்ற சீனக் கணிப்பு முறையொன்றைத் திருத்தாமலே எண்ணூறு ஆண்டுக்கு மேல் கையாண்டனர். 1685இல்தான் சிபுக்காவா சுங்காய் என்னும் வானூலறிஞர் தம் நாட்டு வானத்தைத் தாமே அளந்து கணித்த நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஓராண்டை 72 சிறு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு பூவின் மலர்ச்சியையோ பறவையின் வரவையோ அடையாளமாகக் கூறும் சீன முறையையும் அவர் அப்படியே விடவில்லை. சீனத்து நிலத்துக்குரியவற்றை நீக்கித் தம் மண்ணில் காண்பவற்றை இட்டார். கடனாக வந்ததைத் தன்மயமாக்கும் முறை இது. 1872இல் நடந்ததோ வேறு. அங்கே கடன் வந்தது. மண்ணோடு பொருத்திப் பார்க்கும் வேலை நடக்கவேயில்லை.

விளைவு என்ன? எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நாளை மட்டும் முன்னுக்குத் தள்ளினர். பழைய முதல் திங்களின் 7ஆம் நாள், ஏழுவகை இளங்கீரையிட்ட கஞ்சி குடிக்கும் நாள். பனி உருகி வயல்வரப்பில் கீரை தலைகாட்டும் பிப்பிரவரியை ஒட்டி வந்துகொண்டிருந்த அந்நாள், சனவரி 7 ஆயிற்று. சனவரி 7இல் வரப்பில் பனிதான் கிடக்கும். இன்று அக்கீரைகளைக் காப்பறைகளில் வளர்த்துச் சிறு பெட்டிகளில் அடைத்துக் கடைகளில் விற்கின்றனர். மூன்றாம் திங்கள் 3ஆம் நாள் பெண்மக்களுக்குரிய பாவை விழா. குழிப்பேரி மலர் விழா என்றே அதற்குப் பெயர். மார்ச்சு 3இல் குழிப்பேரி மலர்வதில்லை. வெப்பமூட்டி மலரச் செய்த கிளைகளை வாங்கி வைக்கின்றனர். ஒன்பதாம் திங்கள் 9ஆம் நாள் செவ்வந்தி நாள். செப்தம்பர் 9இல் செவ்வந்தி மொட்டாகவே இருக்கும். பூவில்லாத பூவிழா எத்தனை நாள் நிற்கும்? ஐந்து பருவ நாள்களுள் அதுவே பெரும்பாலும் மறக்கப்பட்டது.

ஐந்தாம் திங்கள் 5ஆம் நாள் ஆண்மக்களுக்குரியது. அன்று வசம்பிலையைக் கூரையில் செருகுவர். வசம்பிலையிட்ட வெந்நீரில் குளிப்பர். பிள்ளைபெற்ற வீட்டில் வசம்பைப் 'பெயர் சொல்லா மருந்து' என்று போற்றும் தமிழ்த் தாய்மார்க்கு இது விளக்க வேண்டாத செய்தி. பழைய ஐந்தாம் திங்கள் மழைக்காலம். அத்திங்களின் மழைக்கு 'சமிதரே' என்று தூய சப்பானியச் சொல் உண்டு. அம்மழைக்கு இடையே வானம் சற்று வெளுக்கும் நாளுக்கு 'சட்சுகிபரே' என்று பெயர். ஐந்தாம் திங்களை மே என்றாக்கிய பின் மழை சூனுக்குப் போய்விட்டது. சொல் மட்டும் மேயில் தங்கிவிட்டது. இன்று பலர் சட்சுகிபரே என்பதற்கு மே மாதத்துத் தெளிவானம் என்றே பொருள் கொள்கின்றனர். நாட்காட்டி பெயர்ந்தால் அகராதியும் பெயர்ந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எல்லாவற்றினும் இரங்கத்தக்கது ஏழாம் திங்கள் 7ஆம் நாளின் நிலை. வானத்து ஆற்றின் இருகரையிலும் பிரிந்து நிற்கும் நெசவுப்பெண் மீனும் ஆயன் மீனும் ஆண்டுக்கொரு முறை கூடும் இரவு அது. மூங்கிற் கிளையில் வண்ணத்தாள் நறுக்குகளைக் கட்டி, அவற்றில் தம் வேண்டுதலை எழுதி நிறுத்துவர். கதை சீனத்திலிருந்து வந்தது. எழுதுவதும் சீன எழுத்தில், 'ஏழாம் மாலை' என்று. ஆனால் படிக்கும்போது அவ்வெழுத்தின் ஒலியை முற்றும் தள்ளிவிட்டுத் 'தனபத்தா' என்று படிக்கின்றனர். தறியைக் குறிக்கும் தம் பழஞ்சொல் அது. எழுத்து அயலாருடையது, நாவோ தம்முடையது! பழைய கணக்கில் இவ்விரவு பெரும்பாலும் ஆகசுட்டில் வரும். மழை ஓய்ந்திருக்கும், அரைநிலா நள்ளிரவையொட்டி மறையும், அதன்பின் வான்யாறு தெளிந்து தோன்றும். சூலை 7 என்று ஆக்கிய பின் அவ்விரவு கார்மழையின் நடுவே விழுந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை கூடும் இணையை முகில் மறைக்கிறது. குழந்தைகள் தாள் நறுக்கை நனையாமல் காக்க வீட்டுக்குள் எடுத்துச் செல்கின்றனர்.

மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அரசோடு போர் தொடுக்கவும் இல்லை. ஓசையின்றி ஒரு வேலை செய்தனர். எண்ணை விட்டுப் பருவத்தைப் பிடித்துக்கொள்வதற்காக, விழாவை ஒரு திங்கள் தள்ளிக் கொண்டாடத் தொடங்கினர். வடபுலத்துச் செண்டாய் நகரம் தனபத்தாவை ஆகசுட்டு 6 முதல் 8 வரை நடத்துகிறது. குளிர்மிகுந்த ஊர்கள் பாவை விழாவை ஏப்பிரல் 3இல் வைத்துக்கொண்டன. 2001 முதல் சப்பானிய நாட்டு வானாய்வகமே, பழைய முறைப்படி தனபத்தா எந்த இரவில் வருகிறது என்று ஆண்டுதோறும் அறிவித்து, அவ்விரவில் விளக்குகளைத் தணித்து வானத்தை நோக்குமாறு கேட்டுக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து அறிவியலார் சிற்றூராரின் பக்கம் வந்து சேர்ந்தனர்.

முன்னோர் மீண்டு வரும் 'போன்' விழா மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. தலைநகரமாகிய தோக்கியோவிலும் வேறு சில இடங்களிலும் சூலை 15. நாட்டின் பெரும்பகுதியில் ஆகசுட்டு 15. தென்கோடி ஒக்கினாவாவில் பழைய நிலவுக் கணக்கின் ஏழாம் திங்கள் 15. போன் என்னும் பெயர் புத்தநெறியோடு சென்ற வடசொல்லின் சிதைவு என்பது மரபான விளக்கம். ஆனால் அன்று செய்வன எந்த மறையிலிருந்தும் எடுத்தவையல்ல. வாயிலில் சிறு தீ மூட்டி முன்னோரை அழைப்பர். வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக் கால் வைத்துக் குதிரை. கத்தரிக்காய்க்கு நான்கு கால் வைத்து மாடு. விரைந்து வருவதற்குக் குதிரை. மனமின்றி மெல்லத் திரும்பிச் செல்வதற்கு மாடு! இறந்த தாய் தந்தையர் தம் வீட்டை விட்டுப் பிரிய விரைய மாட்டார்கள் என்று எண்ணிய நெஞ்சம் எத்தகையது! விடைகொடுக்கும் தீயைக் கியோத்தோ நகரத்தார் ஆகசுட்டு 16 இரவில் ஐந்து மலைகளில் மூட்டுவர். ஒன்றில் 'பெரிது' என்னும் பொருளுடைய எழுத்து தீயால் எழும். 1943இல் போரின் பொருட்டு அத்தீ தடைப்பட்டபோது, ஊரார் வெண்சட்டை அணிந்து மலைச்சரிவில் ஏறி, அவ்வெழுத்தின் வடிவில் தாமே நின்றனர். ஈராண்டு கழித்து, 1945இல் அதே போன் விழாவின் நடுநாளாகிய ஆகசுட்டு 15இல்தான் பேரரசர் வானொலியில் தோல்வியை அறிவித்தார். அன்று தொட்டு அந்நாளில் அந்நாட்டார் அழைக்கும் இறந்தோர் தொகை மிகப் பெரிது.

அரசாணைக்கு அறவே அடங்காத விழா ஒன்றும் உண்டு. எட்டாம் திங்கள் 15ஆம் நாள், கூதிர்கால முழுநிலாவைக் காணும் இரவு. நாணலைப் போன்ற புல்லைக் குவளையில் செருகி, அரிசிமா உருண்டைகளை அடுக்கி, நிலா வெளிப்படக் காத்திருப்பர். இதனை ஆகசுட்டு 15 என்று ஆக்கினால் அன்று நிலா நிறைந்திருக்க வேண்டுமே! நிலாவுக்கு ஆணை அனுப்ப எந்த அமைச்சராலும் இயலவில்லை. ஆதலால் அவ்விழா மட்டும் இன்றளவும் பழைய கணக்கிலேயே, செப்தம்பரிலோ அக்தோபர்த் தொடக்கத்திலோ வருகிறது. பகலும் இரவும் ஒத்து நிற்கும் இரு நாள்களும் அத்தகையவே. அவை கதிரவனைச் சேர்ந்தவை. அந்நாள்களில் கல்லறைக்குச் சென்று துப்புரவு செய்து, பயற்றுப் பூரணம் பொதிந்த அரிசி உருண்டையைப் படைப்பர். பண்டம் ஒன்றே. இளவேனிலில் அப்பருவத்துப் பூவின் பெயரால் 'போத்தாமோச்சி' என்றும், கூதிரில் அப்பருவத்துச் செடிப்பூவின் பெயரால் 'ஓகாகி' என்றும் அதனை அழைப்பர். தின்பண்டத்தின் பெயரிலேயே பருவம் கேட்கும் நாடு அது.

பெயரைச் சொன்னதால் திங்கட்பெயர்களையும் சொல்ல வேண்டும். சப்பானியர்க்குப் பன்னிரு திங்களுக்கும் தூய தாய்மொழிப் பெயர்கள் இருந்தன. நான்காவது 'உசுகி', உ என்னும் வெண்பூ மலரும் திங்கள். ஐந்தாவது 'சட்சுகி', நாற்று நடும் திங்கள். பதினொன்றாவது 'சிமோட்சுகி', உறைபனித் திங்கள் என்று விளக்குவர். இன்று அலுவலகத்திலும் பள்ளியிலும் வழங்குபவை இவையல்ல. முதல் திங்கள், இரண்டாம் திங்கள் என்று சீன எண்ணொலியால் அமைந்த வறட்டுப் பெயர்கள். பழம்பெயர்கள் நாட்காட்டியின் ஓரத்திலும் பாக்களிலும் ஒதுங்கின. 'யாயோயி', 'சட்சுகி' என்பன பெண்மக்களின் பெயராய் மட்டும் வீட்டுக்குள் உயிர்வாழ்கின்றன.

ஆறாம் திங்களின் பெயர் 'மினாசுகி'. மி என்பது நீர்; சுகி என்பது திங்கள். இடையில் நிற்கும் 'ன'வைப் பிற்காலத்தார் 'இல்லை' என்னும் பொருளதாகக் கொண்டு, 'நீரில்லாத் திங்கள்' என்று உரைத்தனர். வயலெல்லாம் நீர் நிறைந்து நிற்கும் காலத்துக்கு நீரில்லாத் திங்கள் என்று பெயரா? அந்த 'ன' பழஞ்சப்பானியத்தில் ஆறாம் வேற்றுமை உருபு. நீரினது திங்கள் என்பதே பொருள். பத்தாம் திங்களாகிய 'கன்னாசுகி'க்கும் இதே இடர். தெய்வங்களின் திங்கள் என்பது, தெய்வமில்லாத் திங்கள் ஆயிற்று. ஆகவே அத்திங்களில் நாட்டுத் தெய்வமெல்லாம் எங்கே போயின என்று விடை தேட வேண்டியதாயிற்று. அனைத்தும் இசுமோ என்னும் ஊரில் கூடுகின்றன என்று கதை பிறந்தது. இசுமோவில் மட்டும் அதனைத் 'தெய்வமுள்ள திங்கள்' என்றழைக்கும் வழக்கமும் பிறந்தது. ஒரு வேற்றுமை உருபை மறந்ததனால் ஒரு நாட்டுத் தெய்வமெல்லாம் இடம்பெயர நேர்ந்தது! இலக்கணத்தைப் பயனற்ற கல்வி என்பார் இசுமோவை எண்ணிப் பார்ப்பாராக.

ஆண்டைக் குறிக்கும் 'தோசி' என்னும் சொல்லும் பண்டு விளைந்த நெல்லையே குறித்தது என்பர். ஆண்டு என்பது அவர்க்கு ஒரு விளைச்சல். விழாவுக்குச் சப்பானியம் 'மட்சுரி'. ஆட்சிக்குப் பழஞ்சொல் 'மட்சுரிகோத்தோ', அதாவது விழாவின் வினை. தெய்வத்துக்குப் படைப்பதும் நாட்டை ஆள்வதும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி அது. இனிமையான சொல்தான். ஆனால் அவ்வொற்றுமையில் ஒரு நஞ்சும் உறங்கியது. அதனை 19ஆம் நூற்றாண்டு எழுப்பிவிட்டது.

1873 சனவரியில், ஐந்து பருவ நாள்களையும் அரசின் விழாப்பட்டியலிலிருந்து நீக்கிய அதே ஆணை, முதற் பேரரசர் என்று தொன்மக் கதை கூறும் சிம்மு அரியணை ஏறிய நாளையும் ஆளும் பேரரசரின் பிறந்தநாளையும் விழாவாக்கிற்று. பூவும் கீரையும் இருந்த இடத்தில் அரியணை வந்து அமர்ந்தது. அதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. சிம்மு நாளென்று முதலில் குறித்தது சனவரி 29. அது பழைய கணக்கின் புத்தாண்டு நாள். மக்கள் அரசர்க்கன்றித் தம் பழைய புத்தாண்டுக்கே அன்று மகிழ்ந்தனர். அரசு அதைக் கண்டு, அவ்வாண்டிலேயே நாளை மாற்றிப் பிப்பிரவரி 11 ஆக்கிற்று. கி.மு. 660இல் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் ஒருவர்க்கு, கி.பி. 1873இல் இருமுறை நாள் குறித்தனர்.

அந்தப் பிப்பிரவரி 11 பின்னர்ச் செய்ததை நினைத்தால் நகைப்பு அடங்கிவிடும். சிம்முவின் 2600ஆம் ஆண்டென்று கொண்டாடிய 1940ஆம் ஆண்டில், அதே பிப்பிரவரி 11 முதல், கொரிய மக்கள் சப்பானிய முறையிலான குடும்பப் பெயர் பூண வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலிருந்து கொரிய மொழியை அகற்றினர். கொரியரின் நிலவுப் புத்தாண்டையும் பழமை என்று ஒடுக்கினர். விடுதலைக்குப் பின்னும் தென்கொரிய அரசுகள் நெடுங்காலம் அப்புத்தாண்டுக்கு இடந்தரவில்லை. 1985இல் 'நாட்டுப்புற நாள்' என்னும் போர்வையில் ஒரு நாள் விடுமுறை வந்தது; 1989இல்தான் 'சொல்லால்' என்னும் தன் சொந்தப் பெயரோடு அது மீண்டது.

மோத்தோரி நோரினாகா (1730-1801) போன்ற அறிஞர், சீனச் சொல்லின் அடியில் புதைந்த தம் தாய்ச்சொல்லைத் தோண்டியெடுப்பதற்கு வாழ்நாளைச் செலவிட்டனர். அது பழிக்கத்தக்க பணியன்று. தனித்தமிழ்த் தொண்டர் எவரும் அதன் அருமையை உணர்வர். ஆனால் அவ்வுணர்வைப் பின்வந்த ஆட்சி தன் படைக்கலமாக்கிற்று. தம் சொல்லுக்கு அழுத இனம், கொரியன் நாவிலிருந்து கொரியச் சொல்லைப் பிடுங்கிற்று. ஒக்கினாவாப் பள்ளிகளில் தம் ஊர்மொழி பேசிய சிறுவன் கழுத்தில் மரப்பலகை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டனர். வேறொரு சிறுவன் அவ்வாறு பேசி அகப்படும் வரையில் அது இவன் கழுத்தில் இருக்கும். வடக்கே ஐனு மக்கள் கரடிக்குட்டியை வளர்த்து, அதன் உயிரைத் தெய்வ உலகுக்கு வழியனுப்பும் 'இயோமாந்தே' விழாவை, ஒக்கைதோ மாநில ஆட்சி 1955இல் காட்டுமிராண்டித்தனம் என்று சுற்றறிக்கை விடுத்துத் தடுத்தது. அவ்வறிக்கையைத் திரும்பப் பெற்றது 2007இல். தன்மொழிப் பற்று என்பது அயல்மொழி வெறுப்பாக மாறும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை, தனித்தமிழ்க் கொடி பிடிப்போர் முதலில் தம் தெருவிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

தோல்விக்குப் பின், வென்றோரின் படையாட்சி நடந்த 1948இல், விழாநாள் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. சிம்மு நாள் நீங்கிற்று. மற்றவை பெரும்பாலும் நீங்கவில்லை. பெயர் மட்டும் மாறின. மெய்சிப் பேரரசர் பிறந்த நவம்பர் 3 'பண்பாட்டு நாள்' ஆயிற்று. பேரரசர் புத்தரிசியைத் தெய்வத்துக்குப் படைத்துத் தாமும் உண்ணும் நவம்பர் 23 'உழைப்புக்கு நன்றி கூறும் நாள்' ஆயிற்று. அரண்மனையில் அன்றிரவு புத்தரிசிப் படையல் இன்றும் நடக்கிறது. வெளியில் தொழிலாளர்க்கு விடுமுறை. உழவன் விளைவித்த அரிசி, பெயரிலிருந்து காணாமற் போனது. சிம்மு நாளோ 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'நாடு தோன்றிய நினைவு நாள்' என்னும் புதுப்பெயர் பூண்டு, 1967இல் அதே பிப்பிரவரி 11இல் வந்து அமர்ந்தது. அதற்குச் சான்றில்லை என்று எதிர்த்தவருள் பேரரசரின் சொந்தத் தம்பியும் வரலாற்று ஆய்வாளருமாகிய இளவரசர் மிக்காசா ஒருவர் என்பது குறிக்கத்தக்கது. உண்மைக்காகக் குடும்பத்தை எதிர்த்து நிற்க அரண்மனைக்குள்ளும் ஒருவர் இருந்தார்.

இன்று சப்பானியச் சட்டத்தில் உள்ள விழாநாள்கள் 16. மலை நாள் உண்டு. கடல் நாள் உண்டு. ஆனால் அப்பட்டியலில் போன் இல்லை, தனபத்தா இல்லை, பாவை விழா இல்லை, நிலா விழா இல்லை, அவரையை இறைத்துத் தீய ஆவிகளை வெளியே ஓட்டும் செட்சுபுன் இல்லை. ஐந்து பருவ நாள்களுள் வசம்பு நாள் ஒன்றே, 'குழந்தைகள் நாள்' என்னும் பெயரில் இடம்பெற்றது. சட்டத்தில் இல்லாத போன் விழாவுக்காக ஆகசுட்டு நடுவில் தோக்கியோவே வெறிச்சோடுகிறது; தொடர்வண்டிகளும் நெடுஞ்சாலைகளும் நிரம்பி வழிகின்றன. எந்தச் சட்டம் அவர்களை ஊருக்கு அனுப்புகிறது?

அயலிலிருந்து வந்த எல்லாமும் பயனுள்ளதாய் அமைந்துவிடவில்லை. சீனத்திலிருந்து வந்த அறுபதாண்டு வட்டம் அங்கும் உண்டு. அதில் 'தீக்குதிரை' என்னும் ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்குக் கேடு செய்வாள் என்பது ஒரு குருட்டு நம்பிக்கை. அத்தகைய ஆண்டாகிய 1966இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 13 இலக்கத்து 60 ஆயிரம். முந்தைய ஆண்டில் 18 இலக்கத்து 20 ஆயிரம். மின்னூர்தி விரையும் நாட்டில், ஓர் ஆண்டின் பெயருக்கு அஞ்சி நாலரை இலக்கம் பிறப்புகள் குறைந்தன. அவ்வட்டத்தில் 2026உம் தீக்குதிரையே. பிரபவ முதலாகிய அறுபது வடமொழிப் பெயர்களைச் சுமந்துகொண்டு ஆண்டுப் பலன் கேட்கும் தமிழர்க்கு இதைப் பார்த்து நகைக்கும் உரிமையில்லை.

இனித் தமிழர்க்கு நெருக்கமான செய்தி. பழைய முதல் திங்களின் முழுநிலா நாளைச் சப்பானியச் சிற்றூரார் 'கோசோகட்சு', அதாவது சிறு புத்தாண்டு என்பர். அது உழவர் விழா. புத்தாண்டுக்குக் கட்டிய ஊசியிலையையும் வைக்கோற் கயிற்றையும் ஊர்ப்பொதுவில் குவித்து எரிப்பர். சிவப்புப் பயறிட்ட கஞ்சி காய்ச்சுவர். ஒருவர் கோடரியோடு பழமரத்தின் முன் நின்று, காய்ப்பாயா மாட்டாயா, மறுத்தால் வெட்டுவேன் என்று மிரட்டுவார். மற்றொருவர் மரத்துக்காக, காய்ப்பேன் காய்ப்பேன் என்று விடையிறுப்பார். பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008) இவ்விழாவையும் பொங்கலையும் ஒப்பிட்டார். பழையன எரித்தல், பயற்றுக் கஞ்சி, காக்கைக்கு உணவிடல் ஆகியவற்றோடு, வடசப்பானில் அன்று எழும் 'ஒங்கா ஒங்கா' என்னும் கூவலையும் 'பொங்கலோ பொங்க'லோடு வைத்து எண்ணினார். 1980இல் தமிழ் சப்பானிய ஒலியொப்புமை பற்றி நூலும் வெளியிட்டார். அந்நாளில் தமிழகத்தில் எழுந்த மகிழ்ச்சி பெரிது.

மொழிநூலாருள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. அதனை மறைத்துவிட்டுத் தமிழ் சப்பானியத்தின் தாய் என்று மேடையில் முழங்குவது ஓனோவின் உழைப்பையே தாழ்த்துவதாகும். குறிப்பாக, இருநாட்டு விழாவும் சனவரி 15ஐ ஒட்டி வருகின்றன என்பதைச் சான்றாகக் காட்டுவோர் சற்று நின்று எண்ண வேண்டும். சிறு புத்தாண்டு முழுநிலா நாள். 1873 ஆணையால்தான் அது சனவரி 15 ஆயிற்று. பொங்கல் நாளும் ஐரோப்பியக் கணக்கில் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாளாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அது இன்றைய கணக்கில் சனவரித் தொடக்கத்தில் வந்திருக்கும். ஆகவே நாளொப்புமை தற்செயல். சம்பளம் மிச்சம் பிடிக்க வந்த ஆணையொன்று ஈன்ற ஒப்புமை அது! நாளைத் தள்ளிவிட்டால் எஞ்சுவது நெல்லை நம்பி வாழ்ந்த இரு மக்களினத்தின் செயலொப்புமை. அது உறவால் வந்ததா, ஒரே தொழிலால் வந்ததா என்பது இன்னும் ஆய்வுக்குரியது. பொய்ச்சான்று நீங்கினால் மெய்ச்சான்றுக்கு இடமுண்டாகும்.

அந்தச் சனவரி 15ஐயும் சப்பானிய அரசு விட்டுவைக்கவில்லை. சிறு புத்தாண்டையொட்டி 1948இல் அந்நாளை, அகவை வந்தோர் நாளாக ஆக்கியிருந்தது. தொடர்விடுமுறை கிடைக்கும் என்பதற்காக 2000 முதல் அதனைச் சனவரியின் இரண்டாம் திங்கட்கிழமைக்கு மாற்றிற்று. சிற்றூர்களில் எரியும் தீ மட்டும் பல இடங்களில் 15ஐ விட்டு நகரவில்லை.

தமிழகத்தில் தை முதல்நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வந்தபோது ஆர்த்தவர் பலர். நீங்கியபோது சோர்ந்து அமர்ந்தவரும் பலர். சட்டமில்லாமலே போன் விழாவை நூறாண்டுக்கு மேல் தம் பருவத்தில் நிறுத்திக் காட்டியவர் செண்டாயிலும் கியோத்தோவிலும் இருக்கின்றனர். சுறவம், கும்பம், மீனம், மேழம் என்னும் தனித்தமிழ்த் திங்கட்பெயர்களைத் திருமண அழைப்பிதழில் அச்சிடவும், கடைக் கணக்கில் எழுதவும், பள்ளிக் கரும்பலகையின் தலையில் பிள்ளைகள் நாள்தோறும் காண எழுதிவைக்கவும் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. வரும் சுறவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.